புரட்டாசித் தீவனம்

அவர் பெயரை எழுத மாட்டேன். பயந்துகொண்டு இல்லை, எனக்கு யாரிடம் என்ன பயம்? வருஷக்கணக்காக 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆளைப் பெயர் போட்டு எழுதினால், யாரோ மூன்றாம் மனுஷரைப் பற்றி எழுதுகிற மாதிரி ஆகிவிடும். அவர் மூன்றாம் மனுஷராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரமே வந்திருக்காது.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் போகிற வழியில் அவருடைய கோழித் தீவனக் கடை. முன்பக்கம் ஒரு மேஜை, தராசு. பின்பக்கம் சிமெண்டுத் தளம் போட்ட பெரிய கூடம். அந்தத் தளத்தில்தான் சோளமாவு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் தூள் எல்லாவற்றையும் கொட்டி மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் முதன்முதலாகப் போனபோது அவர் அந்தக் குவியல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கை பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு சிவப்புத் துண்டு. குவியலில் நாலு இடத்தில் விரலை விட்டுக் கிள்ளி எடுத்தார். சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி நிதானமாக மென்றார். பிறகு எழுந்து சாக்கடை ஓரம் போய்த் துப்பிவிட்டு, செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன அண்ணாச்சி, வீட்டுல காலைச் சாப்பாடு போடலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சிரி தாயி, நல்லாச் சிரி. என் நாக்குல வைக்காததை உன் கோழிக்கு வைக்க மாட்டேன். வேணுமின்னா வாங்கு, இல்லேன்னா அடுத்த கடைக்குப் போ."

அடுத்த கடைக்கு நான் எதற்குப் போகிறேன்? அன்றைக்கே விழுந்துவிட்டேன். கோழிக்கு இப்படி ஒரு மனுஷன் வாய்ப்பானா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக் கடைசியில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டர். ஷிப்டு முடிந்து வந்தால் படுத்துவிடுவார். அந்த இடத்தில் கொட்டகை போட்டு வெள்ளை லெகான் கோழி வளர்ப்பது என்று முடிவெடுத்தது நான். தீனி, தண்ணீர், தடுப்பு மருந்து எல்லாம் நானே. "உனக்கு எதுக்குட்டி இந்த வேலை?" என்று கேட்ட மனுஷர், முட்டைத் தட்டுகள் வரிசையாக வெளியே போக ஆரம்பித்த பிறகு, மில்லில் எல்லோரிடமும் 'எங்க பண்ணை' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணாச்சிக்குத் துப்புவது ஒரு சட்டம். எதை ருசி பார்த்தாலும் விழுங்க மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ருசி பாக்குறவன் முழுங்கப்படாது தாயி. முழுங்கிட்டான்னா வயிறு பேச ஆரம்பிச்சிரும். பொறவு நாக்கு சொல்லுறது காதுல விழாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற தோரணை.

ஒருதடவை நான் கடையில் நிற்கும்போதே ரைஸ் மில்லிலிருந்து தவிடு வந்து இறங்கியது. அண்ணாச்சி குத்தூசியை எடுத்து மூடையின் நடுவயிற்றில் குத்தி உருவினார். வாயில் போட்டார். துப்பினார். "காறிப்போச்சு. ஏத்து லாரில" என்றார்.

தவிடு கொண்டுவந்தவன் கையைப் பிசைந்தான். "லேசான வாடைதான் அண்ணாச்சி. கோழிக்குத்தான, மனுசனுக்கா?"

"ஏலே, மனுசன்னா வாயிருக்கு, ஏன்டா இப்படின்னு கேப்பான். கோழி என்னலே செய்யும்? குடுத்ததைத் தின்னுட்டுச் சாவும். ஏத்துலே!"

அத்தனை மூடையும் திரும்ப லாரியில் ஏறின. நான் வீட்டுக்கு வந்து இதை அப்படியே நடித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்யாணப் பந்தியிலும் இதே கூத்துதான். அப்பளத்தை ஒடித்து ஒரு கடி கடிப்பார், தோள் துண்டில் துப்புவார், "நேத்துச் சுட்ட எண்ணெய்" என்பார். ஒரு வீட்டில் சமையல்காரர் கரண்டியோடு சண்டைக்கே வந்துவிட்டார். அண்ணாச்சியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "இந்த மனுசரைக் கூட்டிக்கிட்டு ஒரு விசேஷத்துக்குப் போக முடியுதா?" என்று என்னிடம் அழாத குறை. ஆசையாக எங்களூர்ப் பால்கோவா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "சீனி முன்னால நிக்குது, பால் பின்னால நிக்குது" என்று பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியிடம் பேசுகிற பேச்சா இது? இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

ஆனால் என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது அழுதுகொண்டு நான் போய் நின்றதும் அவரிடம்தான். எனக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? சொந்தத்தில் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

"இதுக்கா கண்ணைக் கசக்குதே? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் அண்ணாச்சி.

வைத்தியநாத சுவாமி கோயிலில் என் மகள் அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அழுகையை நிறுத்த யாரோ சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்கள். அதையும் முதலில் தன் வாயில் வைத்து, துண்டில் துப்பிவிட்டு, "நெய் நல்ல நெய்யிதான்" என்று சொன்ன பிறகுதான் பிள்ளைக்கு ஊட்டினார். கோயிலே சிரித்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அவர் 'மச்சான்', அவருக்கு இவர் 'மாப்ளே'. எனக்கு அண்ணன் கிடைத்துவிட்டார் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

இனி மருந்துக்கு வருகிறேன். வைட்டமின் ஈ. நாங்கள் 'ஈ மருந்து' என்போம். மெட்ராஸிலிருந்து லாரி பார்சலில் நீல டப்பாவில் வரும். வெளிர் மஞ்சளாக, மாவு போல இருக்கும். தவிட்டிலும் கருவாட்டுத் தூளிலும் எண்ணெய்ச் சத்து உண்டு. ஈரக் காற்றுப் பட்டால் அது காற ஆரம்பிக்கும், காறினால் தீவனத்தில் இருக்கிற ஈ சத்தைத் தின்றுவிடும். அதற்காகத்தான் தனியாகச் சேர்ப்பது. இளங்குஞ்சுக்கு இது இல்லாவிட்டால் மூளை கெட்டுவிடும். அண்ணாச்சி அதை நேராகக் குவியலில் கொட்ட மாட்டார். முதலில் ஒரு படி சோளமாவில் கலந்து, அதை ஒரு மூடைத் தீவனத்தில் கலந்து, அதைத்தான் குவியலில் சேர்ப்பார். மழைக்காலம் வந்தால் ஒரு கரண்டி கூடுதல்.

"இது ஒண்ணுதான் தாயி என் நாக்குக்குப் பிடிபடாது. ருசியும் இல்லை, வாசமும் இல்லை. போட்டாலும் தெரியாது, போடலைன்னாலும் தெரியாது. இதுக்கு மட்டும் ஆளை நம்பணும்" என்பார்.

ஆளை நம்பினேன்.

புரட்டாசி மாதம் அண்ணாச்சிக்கு விரதம். சனிக்கிழமை தோறும் மலைப் பெருமாளுக்கு நடந்தே போவார். கவிச்சி தொட மாட்டார். அப்படியென்றால் கருவாட்டுத் தூள் கலந்த தீவனத்தை எப்படி நாக்கில் வைப்பது? அதற்கும் வழி வைத்திருந்தார். புரட்டாசியில் மட்டும் கருவாட்டுத் தூளைக் கடைசியாகச் சேர்க்கச் சொல்வார். மற்ற எல்லாம் கலந்தபின், கருவாடு சேருவதற்கு முன், வாயில் போட்டுப் பார்த்துவிடுவார். பெருமாளுக்கும் குறையில்லை, கோழிக்கும் குறையில்லை. வருஷா வருஷம் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், புரட்டாசி பிறந்த வாரம், அவரும் நானும் சேர்ந்து குஞ்சு இறக்கினோம். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரே வண்டி, ஒரே நாள் பொரித்த குஞ்சுகள். எனக்கு முந்நூறு. அவர் கடைக்குப் பின்னால் வைத்திருந்த சின்னக் கொட்டகைக்கு இருநூறு. தீவனம் வாங்கக் கடைக்குப் போனால், எனக்கு முன்னாலேயே மூடைகள் தைத்துத் தயாராக இருந்தன.

"என்ன அண்ணாச்சி, நான் வாறதுக்குள்ள கட்டிட்டீக?"

"ஆமா தாயி, மழை வருத மாதிரி இருந்துச்சு. வெரசாக் கலந்து கட்டச் சொல்லிட்டேன்."

"நாக்குல வச்சுப் பாத்தாச்சா?"

அவர் என்னைப் பார்க்காமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கருவாடு சேந்து போச்சுல்லா. புரட்டாசி. எப்படி நாக்குல வைக்க?"

"ஈ மருந்து?"

"எல்லாம் போட்டிருக்கு. நீ கொண்டு போ."

அவர் பக்தியை மெச்சிக்கொண்டே மூடைகளை வண்டியில் ஏற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழாம் நாள் குஞ்சுகளுக்கு, கழுத்தைத் திருகிக் கொல்லுகிற ராணிக்கெட் நோய் வராமல் தடுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும். எங்களூர்க் கால்நடை ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. விருதுநகர் போய் வாங்கி, பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கென்று கிருஷ்ணன்கோயில் பக்கம் பஸ் டயர் வெடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் நின்றோம். பிளாஸ்க்கைக் கைப்பிள்ளை மாதிரி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து திறந்தால் ஐஸ் கல்லு மாதிரி இருந்தது. குஞ்சு ஒவ்வொன்றுக்கும் கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு விட்டு முடித்து, மிச்ச ஐஸை வேலியோரம் கொட்டினேன். மகளுக்கு அப்போது ஐந்து வயசு. அன்று சாயங்காலம் அவள் உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அடுத்த தடவை கடைக்குப் போனபோது பஸ் நின்ற கதையை அண்ணாச்சியிடம் சொன்னேன். முந்தானைக்குள் பிளாஸ்க் வைத்திருந்ததைப் பார்த்து ஒரு கிழவி, 'பச்ச உடம்புக்காரி, உக்காரும்மா' என்று இடம் விட்டதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

மூன்று வாரம் முடியவில்லை. ஒருநாள் காலை கொட்டகைக்குள் போனால் பத்துப் பதினைந்து குஞ்சுகள் மல்லாந்து கிடக்கின்றன. தலை முதுகுப் பக்கம் வளைந்திருக்கிறது. கால்கள் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடித்துக்கொள்கின்றன. தூக்கி நிறுத்தினால் இரண்டு எட்டு வைத்து, குடிகாரன் மாதிரி பின்னாலேயே சாய்கின்றன. தீனிக்கு அலகைக் கொண்டுபோகின்றன, போய்ச் சேர முடியவில்லை. மறுநாள் நாற்பது. அதற்கு மறுநாள் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் குழியில் போட்டேன். என் கையால் சொட்டு மருந்து வாங்கிய குஞ்சுகள்.

என் வீட்டுக்காரர் முதல் வேலையாகப் போய் மச்சானைக் கூட்டிவந்தார். அண்ணாச்சி கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ஒரு குஞ்சைக் கையில் வாங்கி, அதன் கழுத்து திரும்பியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ராணிக்கெட்டுதான் மாப்ளே" என்றார்.

"சொட்டு மருந்து விட்டிருக்கே அண்ணாச்சி!" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் வீட்டுக்காரரிடமே சொன்னார். "பஸ்ஸு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னுச்சுன்னு தங்கச்சிதான் சொல்லிச்சு. ஐஸ் உருகியிருக்கும். ஐஸ் உருகிட்டா அது மருந்தில்ல, வெறும் தண்ணி."

சிரித்துக்கொண்டு நான் சொன்ன கதையை எடுத்து என் கழுத்திலேயே சுருக்குப் போட்டார். "ஐஸ் இருந்துச்சு, நான்தான் கொட்டுனேன்" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? மகள் தூணைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெட்டிக்காரி கெட்டிக்காரின்னு விட்டதுக்கு முந்நூறு உசுரைக் கொன்னுட்டியே!" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நானாகவே நாலு குஞ்சைக் கூடையில் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இளவயசுக்காரர். செத்த குஞ்சை அறுத்துக் குடலைப் பார்த்தார், இரைப்பையைப் பார்த்தார். "இது ராணிக்கெட்டு இல்லம்மா. அதுன்னா இங்க ரத்தப் புள்ளி இருக்கும்" என்றார். பிறகு மண்டையோட்டைத் திறந்தார். பின்மூளை வீங்கிக் குழைந்து, சிவப்புச் சிவப்பாகப் புள்ளி விட்டிருந்தது. "வைட்டமின் ஈ பத்தலை. தீவனத்துல சேர்க்கிறீங்களா?"

"சேர்த்திருக்குன்னாங்க."

"சேர்க்கலை" என்றார் டாக்டர்.

ஈ சத்துக்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பயறும் கோதுமையும் முளைகட்டி அரைத்துக் கொடுங்கள், அகத்திக்கீரை போடுங்கள், லேசாகத் தள்ளாடுகிறதெல்லாம் பிழைக்கும் என்றார். இந்த முளைகட்டிய கோதுமையை முன்னாலேயே கொடுத்திருந்தால் இந்த நோயே வந்திருக்காதாமே! 'மருந்து இல்லை தாயி' என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முளைகட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா? அறுபது சொச்சம் குஞ்சுகளைத்தான் காப்பாற்ற முடிந்தது.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "அந்த டாக்டரு நேத்து வந்த பய. தீவனத்தைத் தின்னு பாத்துக் குடுக்குற மனுசன் மருந்து போடாம இருப்பாரா? உன் தப்பை அவரு தலையில கட்டாதே."

ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணாச்சி கடையில் இல்லை. அவர் மனைவி பின்பக்கக் கொட்டகையில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். இருநூறு குஞ்சும் குதித்துக்கொண்டு திரிந்தன. ஒன்றுகூடத் தலை சாய்க்கவில்லை. சுவரோரம் காலி நீல டப்பா ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"உங்களுக்குக் குஞ்சு போச்சாமே, கேட்டு மனசே ஆறலை" என்றார் அந்த அம்மாள். அவருக்குக் கபடம் தெரியாது. "நல்ல வேளை, எங்களுதுக்கு இந்த ஒரு டப்பா மிச்சம் இருந்துச்சு. மெட்ராஸ்ல இருந்து ஒரு மாசமா மருந்தே வரலையாம். நம்ம குஞ்சுக்கே சரியாப் போயிரும்னு அவுக எடுத்து வச்சிட்டாக."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செத்த நேரத்தில் அண்ணாச்சி வந்தார். என்னையும் டப்பாவையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்கிட்ட இல்லைன்னு சொல்ல மனசு வரலை தாயி. நாலு நாள்ல வந்துரும், வந்ததும் கலந்துக்கிடலாம்னு நெனச்சேன்."

"அது போகட்டும் அண்ணாச்சி. ஐஸ் உருகிச்சுன்னு சொன்னீகளே, அது எதுக்கு?"

அவர் குனிந்து அந்தக் காலி டப்பாவை நிமிர்த்தி வைத்தார்.

"கோழி போனாப் போகுது. எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. மருந்து போடலை, தங்கச்சி மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"சொல்லுதேன் தாயி. சந்தர்ப்பம் பாத்துச் சொல்லுதேன்."

சந்தர்ப்பம் வரவே இல்லை. நான் வந்து சொன்னதற்கு, "பொம்பளைக ரெண்டு பேரு பேசிக்கிட்டதை எல்லாம் நம்ப முடியுமா? அவரு வாயால சொல்லட்டும்" என்று என் வீட்டுக்காரர் முடித்துவிட்டார். அவர் வாய்தான் எனக்குத் தெரியுமே.

பிறகு எத்தனையோ நாள் அதையே யோசித்திருக்கிறேன். ஈ மருந்து நாக்குக்குத் தெரியாது. அந்தத் தீவனத்தை அவர் வாயில் போட்டிருந்தாலும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நானும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். அப்படியிருந்தும் அன்றைக்கு அவர் வைக்கவில்லை. கருவாட்டைச் சாக்கு வைத்துத் தப்பித்தார். பொய்த் தீவனம் என்று தெரிந்ததை நாக்கில் வைக்க அவருக்கு முடியவில்லை. என் கோழிக்கு வைக்க மட்டும் முடிந்தது.

அறுபது குஞ்சை வைத்துத்தான் மறுபடி எழுந்தேன். தீவனத்தை நானே கலந்தேன். மருந்துக்கு எங்களூர்க் கடைத்தெருவில் ஒரு பாய் கடைக்குப் போனேன். முதல்நாள் போய் ஈ மருந்து கேட்டதும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இல்லைம்மா. அடுத்த வாரம் வா" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பாய் பதறிப்போனார். "என்னம்மா, மருந்து இல்லைன்னதுக்கா அழுறே?"

"இல்லைன்னு சொன்னீகளே பாய், அதுக்குத்தான்" என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். கலந்து முடித்ததும் நானும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மென்று, துப்பி, வாய் கொப்பளிப்பேன். அவர் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு தடவை துப்பும்போதும் அவரைத் திட்டிக்கொண்டுதான் துப்புவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மகள் பெரிய மனுஷியானாள். சடங்குக்கு நாள் குறித்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்காரர் ராஜபாளையம் போய் மச்சானை அழைத்துவிட்டு வந்தார். "மடியில வச்சுக் காது குத்துன தாய்மாமன், அவரு இல்லாம எப்படி?" என்றார். சண்டை போட்டேன். நல்ல காரியத்தில் சண்டை எதற்கு என்று பிறகு நானே வாயை மூடிக்கொண்டேன்.

வந்தார். தலை நரைத்திருந்தது. பட்டுப் பாவாடை, தாவணி, பழம், பூ என்று ஏழு தட்டுச் சீர் கொண்டுவந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் சடங்கில் பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுப்பது வழக்கம். நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய களியை முதலில் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். மகளை மணையில் உட்கார வைத்தோம். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து ஒரு உருண்டை எடுத்தார்.

"ருசி பாத்துட்டுக் குடுங்க மச்சான்!" என்று என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டதும் இவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இந்த மனுசன் நாக்குக்குத் தப்பி ஒண்ணு போகாது. இவரைப் போயி இவ, மருந்து போடலைன்னு சொன்னா தெரியுமா? இவ ஐஸை உருக விட்டுட்டு, முந்நூறு குஞ்சைக் கொன்னுட்டு!"

கூட்டம் மறுபடி சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் நான் கத்தவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். அத்தனை வருஷம் கழித்து என் கண்ணைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"விடுங்க மாப்ளே" என்றார். "நல்ல நாள்ல அதெல்லாம் எதுக்கு? தங்கச்சி தெரியாமச் செஞ்சது."

மன்னித்துவிட்டாராம். என்னை. அந்த மனுஷன்.

அப்போதுதான் மகள் மணையிலிருந்து பேசினாள். "ஐஸ் உருகலைப்பா."

சடங்குப் பெண் பேசக் கூடாது. பக்கத்திலிருந்தவர்கள் "ச்சூ" என்றார்கள். அவள் நிறுத்தவில்லை.

"அம்மா வேலியோரம் கொட்டுனதை நாந்தான் பொறுக்குனேன். பெரிய கட்டி. ரெண்டு கையிலயும் வச்சு வெளையாடுனேன், கை மரத்துப் போற வரைக்கும். உருகவே இல்லை."

என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்புச் செத்துவிட்டது. "ஏட்டி, அன்னைக்கே இதை ஏன் சொல்லலை?"

"மாமாதான் ஐஸாலதான் குஞ்சு செத்துச்சுன்னு சொன்னாங்கல்ல." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நான் ஐஸை எடுத்ததுனாலதான் செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன்."

ஐந்து வயசிலிருந்து அதைச் சுமந்திருக்கிறாள். கொட்டகைப் பக்கமே வராத பிள்ளை. நான் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். என்மேல் போட்ட பழியைக்கூட என்றாவது மறந்திருப்பேன். தன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளையின் தலையில் அவர் இறக்கி வைத்ததை எப்படி மறப்பது?

அண்ணாச்சியின் கை நீட்டியபடியே நின்றது. விரலிடுக்கில் நல்லெண்ணெய் வழிந்தது. மகள் வாயைத் திறக்கவில்லை; அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டையைத் திரும்பத் தட்டில் வைக்கவும் அவரால் முடியவில்லை. கடைசியில் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். மென்றார். பழக்கத்தில் துண்டைத் தேடித் தோளுக்குக் கை போனது. சடங்கு வீட்டுக்கென்று புதுச்சட்டை போட்டு வந்தவர், தோளில் துண்டில்லை. எழுந்து போகலாம் என்று பார்த்தார். சுற்றிலும் ஆட்கள், எதிரே என் வீட்டுக்காரர், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.